நனையாமல் திரும்பிய கோட்டுகள்

புதுச்சேரியில் பனிக்கோட்டு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு வானத்தைப் பார்ப்பார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே பார்ப்பார். அவர் மேல் தப்பில்லை. மார்கழி மாதத்திலும் ஃபேனை நிறுத்தினால் வீட்டில் சண்டை வருகிற ஊர் இது.

உழவர்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் கடை. என் அத்தா காலத்தில் குடையும் மழைக்கோட்டும் விற்ற கடை. குடை பிடிப்பதை ஜனங்கள் கௌரவக் குறைவாக நினைக்க ஆரம்பித்த பிறகு, எட்டு வருடத்துக்கு முன்னால் நான் பனிக்கோட்டுக்கு மாறினேன். அரையாண்டு விடுமுறை வந்தால் ஊரில் பாதிப் பேர் குடும்பம் குடும்பமாக மணாலிக்கும் காஷ்மீருக்கும் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வாரக் குளிருக்காக யாரும் கோட்டு வாங்கமாட்டார்கள். என்னிடம்தான் வருவார்கள்.

திரும்பி வரும் கோட்டில் மூன்று விஷயம் பார்ப்பேன். கறை இருக்கிறதா, நனைந்திருக்கிறதா, ஜிப் ஏறுகிறதா. இதில் ஈரம்தான் என் ஜென்ம விரோதி. டிசம்பர் மழையிலும் கடல் காற்றிலும் பஞ்சு அடைத்த கோட்டு காய நாலு நாள் ஆகும். காய்ந்த பிறகும் நாற்றம் போகாது. அதனால் ஒவ்வொரு குடும்பத்தையும் "நனைக்காதீங்க" என்று சொல்லித்தான் வழியனுப்புவேன். பனியில் விளையாடப் போகிறவனிடம் நனைக்காதே என்று சொல்வது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். தொழில் நியாயம் அப்படித்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வருடமாக ஊருக்கெல்லாம் பனியைப் பற்றி வகுப்பு எடுத்த நான், அந்த எட்டு வருடத்திலும் பனியைப் பார்த்ததே இல்லை. இது என் மனைவி ஷகிலாவுக்கும் மகள் பர்வீனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அவர்களும் பார்த்ததில்லை. ஒரு தடவை கூட்டிப் போங்கள் என்று அவர்கள் கேட்காத வருடமும் இல்லை. ஊரே போகிற நேரம்தான் எனக்கு வியாபாரம். கடையைப் பூட்ட முடியுமா?

குடும்பத்தோடு குளிர்மலைக்குப் போய்வந்த அன்பர்களே, நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான்.

பெயர்ப்பலகை

ஆரம்பத்தில் "இங்கு ஜாக்கெட் வாடகைக்குக் கிடைக்கும்" என்றுதான் பலகை எழுதி மாட்டினேன். முதல் வாரம் வந்த கூட்டத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். வந்ததெல்லாம் பெண்கள். கையில் புடவையும் லைனிங் துணியும். அளவு ஜாக்கெட் ஒன்றை மேசை மேல் வைத்து, பின் கழுத்து இறக்கமாக வேண்டும், கைக்கு எம்பிராய்டரி வேண்டும் என்று விவரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் உள்ளே இருந்து முழங்கால் வரை தொங்கும் நீலக் கோட்டு ஒன்றை எடுத்து வந்து காட்டினேன். ஒரு அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை எந்தப் புடவைக்குப் போடுவது என்று கேட்டார்.

பக்கத்துத் தெருவில் இருந்து வந்த இன்னொரு அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. பலகையை இரண்டு தடவை படித்தார். "வாடகைக்கு" என்ற சொல்லில் அவர் கண் நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படி இறங்கும்போது சொன்னார்: "அடுத்தவ போட்ட ஜாக்கெட்டக் கூடவா பாய் வாடகைக்கு விடுவீங்க? ஊர் எங்க போவுதுன்னே தெரியல."

அன்று சாயங்காலமே பலகையை இறக்கினேன். அன்றிலிருந்து கோட்டு என்றுதான் சொல்கிறேன்.

கழுத்து தெரிய வேண்டும்

எங்கள் ஊர்க் கதிர்காமத்தில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இரண்டு பிள்ளைகள். நாலு பேருக்கும் ஒரே நிறத்தில், சிவப்பில் வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் அளவில் சிவப்பு இல்லை. மஞ்சள் கொடுத்தேன். அந்த அம்மா உடன்படவில்லை. போன வருடம் அவருடைய தங்கை குடும்பம் காஷ்மீர் போய் நாலு பேரும் பச்சையில் நின்று போட்டோ எடுத்திருக்கிறார்களாம். கடைசியில் சிவப்புக்காகப் பத்து வயதுப் பெண்ணுக்குப் பெரியவர் அளவு கோட்டை மாட்டினார்கள். பிள்ளை கோட்டுக்குள் எங்கோ இருந்தது.

பிறகு அந்த அம்மா தன் கோட்டைப் போட்டு, ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிப் பார்த்து, மறுபடி நெஞ்சு வரை இறக்கினார். உள்ளே இருந்த ஆரம் வெளியே தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே அப்படி நின்றால் ஐந்து நிமிடத்தில் நெஞ்சு கட்டிக்கொள்ளும் என்று நான் என் அனுபவத்திலிருந்து, அதாவது அடுத்தவர்கள் அனுபவத்திலிருந்து, எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை. பத்து நாள் கழித்துக் கோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது குரலே இல்லை. வீட்டில் நாலு பேருக்கும் காய்ச்சல். மூக்கை உறிஞ்சியபடி போனில் போட்டோவைக் காட்டினார். ஆரம் பளிச்சென்று இருந்தது.

"காய்ச்சல் நாலு நாள்ல போயிடும் பாய். போட்டோ என் தங்கச்சி இருக்கிற வரைக்கும் இருக்கும்."

முசியே கேட்ட கேள்வி

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம், மரியாதைக்கு முசியே என்று கூப்பிடுவோம். அப்படி ஒரு சொல்தா, எண்பது வயதுக்காரர், மகள் குடும்பத்தோடு கடைக்கு வந்தார். மருமகன் எல்லோரையும் மணாலிக்கு அழைத்துப் போகிறார். முசியேவுக்குப் போக இஷ்டமில்லை. ஆறு வருடம் பனியில் காவல் நின்றவனைப் பணம் கொடுத்துப் பனியில் நிற்கச் சொல்கிறார்கள் என்று என்னிடம் புகார் செய்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? அவர் மருமகனுக்குப் பனியில் எப்படிக் கால் வைக்க வேண்டும், குதிகால் முதலில் படவேண்டுமா விரல் முதலில் படவேண்டுமா, புதுப்பனி எப்படி இருக்கும், பழைய பனி எப்படி இருக்கும் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். முசியே கைத்தடியில் தாடையை வைத்து முழுவதையும் கேட்டார். பிறகு, "பாய், நீ நேழ் பாத்திருக்கியா?" என்றார். நேழ் என்றால் அவர் பாஷையில் பனி. பார்க்காமல் இந்தத் தொழில் செய்ய முடியுமா முசியே என்றேன். சரி, அதற்கு என்ன வாசனை என்று சொல் என்றார்.

பனிக்கு வாசனை உண்டா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. உண்டென்று சொன்னால் என்ன வாசனை என்பார், இல்லையென்று சொன்னால் சிரிப்பார். ஜில்லென்று ஒரு வாசனை முசியே என்று உளறினேன். அவர் மகளிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார், மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். படி இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுத் தமிழில் சொன்னார்: "பாக்காதவன்தான்பா இவ்ளோ வெவரமாப் பேசுவான்."

பாக்கெட் சொல்லும் கதை

கோட்டைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் வாயால் ஒரு சுற்றுலா சொல்வார்கள். கோட்டுப் பாக்கெட்டில் வேறொரு சுற்றுலா இருக்கும். லாட்ஜில் இருந்து எடுத்து வந்த சர்க்கரைப் பொட்டலம், பாதி தின்ற முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய் பாக்கெட், குமட்டல் மாத்திரை. பனிமலையில் நம் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவை இந்தப் பாக்கெட்டுகள்தான்.

காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி ஆசிரியர், மனைவியோடு வந்து கோட்டைக் கொடுத்தார். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்ததால் குரலை உயர்த்திக்கொண்டார். பனிச்சறுக்கு கற்றுக்கொண்டாராம். முதல் நாள் பயமாக இருந்ததாம், மூன்றாம் நாள் உச்சியில் இருந்து அடிவாரம் வரை ஒரே இழுப்பில் இறங்கினாராம். சொல்லிக்கொண்டே இடுப்பை வளைத்துக் காட்டியவர், அப்படியே முகத்தைச் சுளித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். அவர் கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டேன். சறுக்குப் பயிற்சிக்கு வாங்கிய சீட்டு கிழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. கூடவே சுளுக்குத் தைலம், முக்கால் காலி. நான் இரண்டையும் மேசையில் வைத்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

அவர் மனைவி தைலத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்: "சறுக்குனது நெசந்தான் பாய். மலைல இல்ல, லாட்ஜ் பாத்ரூம்ல."

குழம்பு வாசனை

ஒரு கோட்டைத் திறந்ததும் கடை முழுக்க வத்தக்குழம்பு மணந்தது. கைப்பக்கம் எண்ணெய்க் கறை, நெஞ்சில் மஞ்சள். கொண்டுவந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மாமனார், மாமியார், கணவன், கொழுந்தன் என்று ஏழு பேரோடு காஷ்மீர் போய் வந்தவர். மாமனாருக்குச் சப்பாத்தி இறங்காது என்று கரண்ட் அடுப்பு, குக்கர், பத்து கிலோ பொன்னி அரிசி எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிப் போயிருக்கிறார்கள்.

கறையைப் பற்றிக் கண்டிக்கத்தான் வாயைத் திறந்தேன். எப்படி இருந்தது காஷ்மீர் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னார்: "இங்க நைட்டி போட்டுக்கினு சமைச்சேன். அங்க கோட்டு போட்டுக்கினு சமைச்சேன். அவ்ளோதான் பாய் வித்தியாசம்."

கறையோடு கோட்டை அப்படியே வாங்கி உள்ளே வைத்தேன். வீட்டுக்குப் போய் ஷகிலாவிடம் சொன்னேன். எங்களையாவது அடுப்பு இல்லாமல் கூட்டிப் போங்கள் என்றாள்.

பனி உடம்புக்கு ஆகாது

மின்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ராஜமாணிக்கம் சார் குடும்பம் திருப்பிக் கொடுத்த நாலு கோட்டுகளை என்னால் மறக்க முடியாது. கறை இல்லை. ஜிப் ஏறியது. தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு கோட்டு அதுவரை திரும்பியதில்லை. மகிழ்ச்சியில் டீ வரவழைத்தேன். அங்கே பனியே விழவில்லையா சார் என்று கேட்டேன். விழாமல் என்ன, நாலு நாளும் காலையில் கொட்டியது என்றார். பிறகு எப்படி நனையாமல் வந்தது?

அவர் மனைவிதான் விஷயத்தைச் சொன்னார். சாருக்குப் பனி என்றால் நம் ஊர் மார்கழிப் பனிதான். தலையில் விழுந்தால் நீர் கோத்துக்கொள்ளும், தும்மல் வரும், மூச்சு இழுக்கும். அதே பனிதானே அங்கேயும் என்று, விழ ஆரம்பித்ததும் "பனி விழுது, உள்ள வாங்க" என்று எல்லோரையும் அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, காதைச் சுற்றித் துண்டு கட்டிவிட்டிருக்கிறார். வெயில் வந்து பனி கரைந்து சேறான பிறகுதான் வெளியே போக அனுமதி. மூவாயிரம் கிலோமீட்டர் போய் நாலு நாளும் சேற்றில் நடந்துவிட்டு வந்திருக்கிறது ஒரு குடும்பம்.

நான் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "எந்த ஊர்ப் பனியா இருந்தா இன்னா பாய்? பனி உடம்புக்கு ஆவாது."

இந்தக் கதையை இரண்டு வருடம் கடைக்கு வந்த ஒருவர் விடாமல் சொல்லிச் சிரித்தேன். வீட்டிலும் சொன்னேன். சார் மாதிரியே குரலை மாற்றிச் சொல்வேன். பர்வீன் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நோட்டில் ஒரு பெயர்

முன்பதிவுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யார், எத்தனை பேர், எந்தத் தேதி என்று அதில் எழுதிவிட்டால் எழுதினதுதான். மந்திரியே வந்து கேட்டாலும் அந்தக் கோட்டை வேறு யாருக்கும் தரமாட்டேன். இது என் பெருமை. பர்வீன் பன்னிரண்டாவது வந்த வருடம், அரையாண்டு விடுமுறைப் பக்கத்தைப் புரட்டியபோது முதல் வரியில் ஒரு பதிவு இருந்தது. மூன்று பேர், மணாலி. ஆள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "தெரிந்தவர்கள்" என்று மட்டும் இருந்தது.

கையெழுத்து ஷகிலாவுடையது. யார் இந்தத் தெரிந்தவர்கள் என்று கேட்டேன். நாம்தான் என்றாள். அடுத்த வருடம் பர்வீன் படிக்க வெளியூர் போய்விடுவாள், ஹாஸ்டலில் இருக்கிற பெண்ணை எந்த விடுமுறையில் பிடித்துக் கூட்டிப் போவது என்றாள். எட்டு வருடமாக இதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். சீசனில் கடையைப் பூட்டுவதா என்று மெதுவாக இழுத்தேன். பக்கத்தில் நின்ற பர்வீன் நோட்டை என் பக்கம் திருப்பி, அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"எழுதிட்டா எழுதினதுதான்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே அத்தா. எங்களுக்கு மட்டும் அழிச்சிருவீங்களா?"

கடைசி நாள் காலை

கடையைப் பூட்டினேன். மூன்று பேரும் போனோம். அந்த வருடம் பனி தாமதம் என்றார்கள். அன்பர்களே, இதுவரை யார் யாரைப் பார்த்துச் சிரித்தேனோ அத்தனை பேருமாக நானே ஆனேன். கோட்டுப் பாக்கெட்டில் ஊறுகாய் பாக்கெட் வைத்துக்கொண்டேன். ஷகிலாவின் கோட்டு ஜிப்பை நானே இறக்கிவிட்டு, செயின் தெரிய, சடை எருமை மேல் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். காய்ந்த புல் சரிவில் பர்வீனை டயர் ட்யூபில் உட்காரவைத்துத் தள்ளினார்கள். பாதியில் நின்றுவிட்டது, எழுந்து நடந்து இறங்கினாள். லாட்ஜில் தங்கியிருந்த ஒரு சேலத்துக் குடும்பத்துக்குப் பனியில் நடப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். பனிதான் இல்லை. நாலு நாளும் காலையில் பர்வீன் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பாள், பிறகு திரையை மூடிவிட்டுப் பல் துலக்கப் போவாள்.

ஐந்தாம் நாள் காலை ஊருக்குக் கிளம்பி, லாட்ஜ் வாசலில் பெட்டிகளோடு வண்டிக்கு நின்றோம். மெத்தைக் கடையில் பஞ்சு பறக்குமே, அப்படி ஏதோ ஒன்று என் கோட்டுக் கையில் வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தால் வானமே உதிர்ந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. பர்வீன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முற்றத்தின் நடுவுக்கு ஓடினாள். ஷகிலா முகத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தோளில் வெள்ளையாகப் படிந்து, படிந்த இடம் கரைந்து, கோட்டுத் துணி கறுப்பாக ஈரமாக ஆரம்பித்ததை நான் பார்த்தேன். எட்டு வருடம் நான் பார்த்ததெல்லாம் அந்த ஈரத்தைத்தான். வண்டி வந்து நின்றது. என் வாய் தானாகத் திறந்தது.

"பனி விழுது, கோட்டு நனையுது, வண்டில ஏறுங்க."

அதட்டலாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கையைப் பிடித்து ஏற்றினேன், கண்ணாடியை ஏற்றினேன், ஈரம் உள்ளே இறங்குவதற்குள் இருந்த துண்டால் அவர்கள் தோளைத் துடைத்துவிட்டேன். பனி வலுத்தால் பாதையை மூடிவிடுவார்கள் என்று டிரைவர் அவசரப்பட்டார், வண்டி கிளம்பியது. உள்ளே ஆவி படிந்த கண்ணாடியை ஷகிலா உள்ளங்கையால் துடைத்து வெளியே பார்த்தபோதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. நிறுத்தச் சொன்னேன். டிரைவர் நிறுத்தினார். அதற்குள் மூன்று வளைவு இறங்கியிருந்தோம். அங்கே வெயில் அடித்தது. மேலே ஏறிப் போக முடியாது, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. சொல்தா முசியே இன்று வந்து கேட்டாலும் பனிக்கு என்ன வாசனை என்று எனக்குத் தெரியாது. வண்டிக்குள் என் கோட்டுகளின் அந்துருண்டை வாசனைதான் இருந்தது.

பின் சீட்டில் பர்வீன் கோட்டைக் கழற்றினாள். கை இரண்டையும் உள்ளே மடித்து, ஜிப்பை மேல் வரை ஏற்றி, நான் கடையில் மடிப்பதுபோலவே மடித்தாள். முன் சீட்டில் இருந்த என் தோளுக்கு மேலாக நீட்டினாள்.

"கறை இல்ல. நனையல. ஜிப் ஏறுது. பாத்துக்குங்க பாய்."

என் கடைக்கு இதுவரை கறையும் ஈரமும் இல்லாமல், ஜிப் கெடாமல் திரும்பி வந்தவை மொத்தம் ஏழே கோட்டுகள், நாலு ராஜமாணிக்கம் சார் வீட்டுடையவை, மூன்று எங்களுடையவை.